தார்ப்பாய்க் கடையில் காப்பி கேட்டவர்கள்

உழவர்கரை,
திங்கட்கிழமை.

அன்புள்ள அமுதாவுக்கு,

இங்கே நான் நலம். பெங்களூரில் குளிர் அதிகம் என்றாய். சால்வையைப் பெட்டியில் வைத்துப் பூட்டாமல் போர்த்திக்கொள். இதையெல்லாம் தொலைபேசியிலேயே சொல்லலாம்தான். ஆனால் நான் முதல் வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ மூன்றாவதற்குப் பதில் சொல்லிவிடுகிறாய். கடிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது.

நேற்று நீ பேசியதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். “போதுங்க, இனிமே என்னால ஓட முடியாது. பில் போடற பிரிவுல எடம் இருக்குதாம். வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் கேக்குறாங்க, சரின்னு சொல்லிடறேன்” என்றாய். நீ வடிவமைக்கிற மாதிரி இணையப் பக்கம் வேண்டுமென்று கேட்டால் இப்போது செயற்கை அறிவு இயந்திரமே செய்து கொடுத்துவிடுகிறதாம். உன் புது மேலாளர் வந்து, “மேடம், நீங்க இன்னும் கையாலயா பண்றீங்க?” என்றாராம். அவர் கேலி செய்யவில்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டார், அதுதான் வலித்தது என்றாய்.

வலிக்கும்தான். நூலகத்தில் நான் சேர்ந்த நாளிலிருந்து புத்தகங்களை எண் வரிசையில்தான் அடுக்குகிறோம். அதை மாற்றச் சொல்லி யாரும் மனுகூடக் கொடுத்ததில்லை. உன் தொழில் அப்படியா? முதலில் பக்கத்தைக் கட்டம் கட்டமாக அடுக்கச் சொன்னார்கள். நீ அதில் தேர்ந்ததும், கட்டம் அநாகரிகம் என்றார்கள். பிறகு எல்லாம் அசைய வேண்டும் என்றார்கள். ஒரு பல் மருத்துவருக்குத் துள்ளும் பல் ஒன்று செய்துகொடுத்தாய். அடுத்து பொத்தான்கள் ஈரக் கண்ணாடிபோல் மின்ன வேண்டுமென்றார்கள், மின்னியதும் இஸ்திரி போட்டதுபோல் தட்டையாக்கச் சொன்னார்கள். கடைசியில் எல்லாம் உள்ளங்கைக்குள் அடங்க வேண்டும் என்றார்கள். ஒவ்வொரு முறையும் சில நாள் உலகத்தைத் திட்டுவாய், நான் வைத்த சாம்பாரில் குற்றம் காண்பாய். அது அடங்குவதற்குள் அந்தப் புது வித்தையைக் கேட்டு மற்றவர்கள் உனக்குப் போன் செய்வார்கள். அரசாங்கங்கள்கூட இவ்வளவு சீக்கிரம் எதையும் கற்றுக்கொண்டு நான் பார்த்ததில்லை.

இன்று காலை பெரிய மார்க்கெட் போனேன். கயிறும் சாக்கும் தார்ப்பாயும் விற்கிறாரே, நீ பக்கம் செய்துகொடுத்த ஷஹாபுதீன் பாய், அவர் கூப்பிட்டு உட்காரவைத்தார். உன் பக்கத்தை எடுத்துவிட்டு அவரே இயந்திரத்திடம் கேட்டுப் புதிதாக ஒன்று போட்டிருக்கிறார். பாண்டிச்சேரியில் கடை, அழகாக இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாராம். மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, நீலக் கதவு, சாய்த்து வைத்த சைக்கிள். ஓரத்தில் ஒரு தார்ப்பாய், பேக்கரிப் பண்டம்போல் சுருண்டு கிடக்கிறது. பார்க்கக் கண் கொள்ளவில்லை.

“ரெண்டு ஜோடி வந்து காப்பி இருக்கான்னு கேட்டாங்க சார். ஒரு அம்மா கயித்துக்கட்டு மேல ஒக்காந்து போட்டோ புடிச்சிக்கினு போனாங்க. தார்ப்பாய் கேக்கற ஆளுதான் வரல” என்றார். பிறகு, “அமுதாம்மா போட்டதுல அழகுன்னு ஒண்ணும் கெடையாது. போன் நம்பர் மட்டும் இவ்ளோ பெருசா இருக்கும்” என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

அந்த எண்ணுக்காகத்தான் நீ அரை நாள் அவர் கடையில் நின்றாய் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்கலாம், எனக்குத் தெரியும். மழை இருட்டிக்கொண்டு வரும்போது, ஈரக் கையோடு, மூக்குக்கண்ணாடி இல்லாமல் அவசரமாகக் கூப்பிடுகிறவர்கள்தான் வாடிக்கையாளர்கள் என்று வந்து சொன்னாய். அதற்குப் பிறகுதான் கணினியைத் திறந்தாய். எப்போது வருகிறாய் என்று பாய் கேட்டார். தெரியாது என்று சொன்னேன்.

உன்னைத் தேற்றுவதற்காக இதை எழுதவில்லை. ஈரக் கையைப் பற்றி அந்த இயந்திரமும் ஒருநாள் தெரிந்துகொள்ளும். யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த யாராவது பில் போட்டுக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதுதான் என் யோசனை.

இன்னொன்று. நம் கல்யாணத்துக்கு நீ ஒரு இணையப் பக்கம் செய்தாய். அதன்பின் எந்தப் புது வித்தை வந்தாலும் முதலில் அதில்தான் கை பழகுவாய். குறை சொல்லத் தெரியாத வாடிக்கையாளர் என்று என்னை அறிமுகப்படுத்துவாய். ஒரு வருடம் என் கழுத்து மாலை சுழன்றது. ஒரு வருடம் என் முகத்தை வட்டமாக வெட்டினாய். அப்புறம் நம் இரண்டு பேரையும் கறுப்புப் பின்னணியில் நிறுத்தினாய். ஒரே பெண்ணை இத்தனை முறை மணந்தவன் இந்த ஊரில் வேறு யாரும் இருக்க முடியாது. நேற்று நீ பேசி முடித்ததும் திறந்து பார்த்தேன். இந்த முறை நீ அதைத் தொடவேயில்லை.

பில் பிரிவுக்குத்தான் போவாய் என்றால் போ, சண்டைக்கு வரமாட்டேன். அதற்கு முன் வியாழக்கிழமை அந்த இயந்திரத்தோடு உட்கார்ந்து என்னை இன்னொரு தடவை மாப்பிள்ளையாக்கிப் பார். அது எனக்குத் தலைமுடி நிறைய வைத்துவிட்டால் உடனே திருத்தாதே, ஒரு நாள் இருக்கட்டும். செய்து முடித்த பிறகும் அலுப்பாக இருந்தால், வெள்ளிக்கிழமை சரியென்று சொல்லிவிடு. இன்னும் திருத்தக் கை பரபரத்தால் மட்டும் அன்றைக்கு வாயைத் திறக்காதே, அமுதா.

எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன்
விஜயராகவன்