துப்பாக்கிக்கு ஒரு ரசீது

5-12-84, புதன்.

தேர்தலுக்காக லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னார்கள். இவரோடும் கொழுந்தனாரோடும் திருமங்கலம் போனேன். கொழுந்தனார் தன் மலிவான கைத்துப்பாக்கியை மஞ்சள் பையிலிருந்து எடுத்து வைத்தார். இவருடையது நாலு மடங்கு விலை, பட்டுத்துணியில் சுற்றியிருந்தார்.

"ஏட்டையா, இது ஃபாரின். தனியா வைங்க."

"எல்லாம் ஒரே பீரோதாண்ணே. இம்புட்டு குடுத்து வாங்கி என்னத்தச் சுட்டீக?"

"ஒரு தேங்காயச் சுட்டாரு," என்றார் கொழுந்தனார். "அதுவும் விழுகல."

இருவருக்கும் ஒரே மாதிரி ரசீது: கைத்துப்பாக்கி, ஒன்று.

மகள் கலா எம்.ஏ. சேரக் கேட்டபோது கையில் பணமில்லை என்றார் இவர். அந்த மாதம்தான் இந்தத் துப்பாக்கியை வாங்கினார். வரும் வருஷமாவது சேர்ப்பீர்களா என்று இன்று பஸ்ஸில் கேட்டேன்.

"பனி ஈரத்துல துருப்பிடிச்சிருமோ?" என்றார்.

"அப்பாட்ட கேட்டீகளாம்மா?" என்று கலா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். கேட்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.