கடைசிப் பக்கத்தில் எண்ணிய படிகள்

மாப்ள,

நேற்று மத்தியானம் என் கடை மேசை மேல் ஒரு கேட்லாக் வந்து விழுந்தது. விரிப்பதற்கு முன்னாலேயே வாசனை வந்துவிட்டது. கிரீசும் பாச்சை உருண்டையும் பழைய தாளும் கலந்த வாசனை. அட்டையில் பச்சை மோட்டார், குழாயிலிருந்து கொட்டுகிற தண்ணீர், பக்கத்தில் குடத்தோடு ஒரு பெண். மூலையில் என் கடை முத்திரை, ஊதா மையில், பாதி அழிந்து கிடந்தது. கறம்பக்குடி பஸ் ஸ்டாண்டு பக்கம் தகரக் கொட்டகையில் கடை வைத்திருந்த காலத்து முத்திரை.

கொண்டுவந்தது உன் மகள். "அப்பா பெட்டியில இருந்துச்சு மாமா. ஒங்க கடை பேரு இருக்கு பாருங்க" என்றாள்.

அந்தக் காலத்தில் என்னிடம் என்ன இருந்தது? நான் எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டுகிற வேலை பார்த்தவன். நாலு ஸ்பானரும், கோயம்புத்தூரிலிருந்து தபாலில் வந்த இந்தக் கேட்லாக்கும்தான் என் மொத்தக் கடை. காட்டுவதற்கு ஒரு மோட்டார்கூடக் கிடையாது. படத்தைக் காட்டித்தான் விற்க வேண்டும். ஊரே சிரித்தபோது படத்தை நம்பி முதலில் வாங்கியவன் நீ.

"மோட்டாரு சரி மச்சான். கொடத்தோட நிக்கிதே, அந்தப் பொண்ணையும் சேத்து அனுப்புவாய்ங்களா?"

"அது தனி ஆர்டர் மாப்ள. ஒன் வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வா."

பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த உன் வீட்டுக்காரி சட்டென்று திரும்பிப் பார்த்தாள். இரண்டு பேரும் கேட்லாக்கைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படிப்பதுபோல் பாவனை பண்ணினோம்.

மோட்டார் வந்து உன் கிணற்றில் ஓடியதும் நீ அதோடு நிற்கவில்லை. கேட்லாக்கை சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு டீக்கடை டீக்கடையாகப் போனாய். "நம்பலைன்னா யாருக்கிட்டயும் கேக்க வேணாம், நேரா நம்ம கெணத்துக்கு வந்து பாருங்க" என்றாய். வந்தார்கள். பார்த்தார்கள். ஆர்டர் கொடுத்தார்கள். உன் தொட்டியில் துணி துவைத்த பெண்களும், மாடு குளிப்பாட்டியவர்களும், வெயிலுக்குக் குழாயடியில் முதுகைக் காட்டி நின்றவர்களும் சேர்ந்துதான் எனக்கு வியாபாரம் பிடித்துக் கொடுத்தார்கள். நான் சொந்தக் காலில் நின்றேன் என்று ஊரில் சொல்லிக்கொள்வேன். நின்றது உன் கிணற்று மேட்டில்.

மகள் போனபிறகு பரணிலிருந்த பழைய கேட்லாக்குகளை எல்லாம் இறக்கித் தரையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். இத்தனை வருசம் அவற்றை விற்பதற்காகத்தான் பார்த்திருக்கிறேன். நேற்றுதான் சும்மா பார்த்தேன். முதல் புத்தகத்தில் குடத்துப் பெண், ஏர் மாடு, வாழை, கிணற்று மேட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிற குடும்பம். அடுத்ததில் தோளில் துண்டு போட்ட விவசாயி மட்டும். அதற்கடுத்ததில் மோட்டார் மேல் சாய்ந்துகொண்டு ஒரு சினிமாச் சிரிப்பு. பிறகு ஆளே இல்லை. நீளமாக ஒரு இரும்புக் குழாய், அதற்குக் கீழே அட்டவணை. இப்போது புத்தகமும் இல்லை, போனில் அனுப்புகிறார்கள். அட்டவணையில் முதல் கட்டம் எத்தனை அடி ஆழம் என்பது. முதல் புத்தகத்தில் அந்தக் கட்டம் உன் கிணற்றின் ஆழத்தோடு நின்றுவிட்டது. அப்புறம் நூறு, முந்நூறு, அறுநூறு என்று இறங்கிக்கொண்டே போகிறது. நம் ஊர் போன போக்கு அத்தனையும் அந்தக் கட்டத்தில் இருந்திருக்கிறது. நான் அதைப் படித்துக் காட்டித்தான் விற்றிருக்கிறேன்.

உன் நிலத்துக்கு மேற்கே தோப்பு வைத்திருக்கும் தென்னந்தோப்புக்காரர், போர்வெல் போட மோட்டார் கேட்டு என் கடைக்கு வந்த நாள் உனக்கு மறந்திருக்காது. பெரிய ஆர்டர். அவர் கிளம்பிப் போனதும் நீ வந்தாய். விரித்தபடியே கிடந்த கேட்லாக்கைப் பார்த்தாய்.

"மச்சான், என் கெணத்துக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?"

"ஒனக்கு என்ன மாப்ள? அவரு போறது அடி ஊத்து. ஒன் கெணறு மேல் ஊத்து. அது வேற ஊத்து."

சொல்லும்போது என் உள்ளங்கை அந்த அட்டவணை மேல் இருந்தது. எனக்குத் தெரியாமல் சொல்லவில்லை, மாப்ள. அங்கிட்டு ரெண்டு ஊரில் அதே மோட்டாரை நான்தான் இறக்கியிருந்தேன். ரெண்டு கோடைக்குள் சுற்றுவட்டக் கிணறெல்லாம் வற்றி, பழைய மோட்டார்களை எக்சேஞ்சில் எடுக்கப் போனவனும் நானேதான். எல்லாம் தெரிந்துதான் சொன்னேன். நீ தலையாட்டினாய். டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாய்.

அதற்குப் பிறகு உன் தண்ணீர் இறங்கியது. பம்பைக் கிணற்றுக்குள் இறக்கி வைத்தோம். இன்னும் இறக்கினோம். ஒவ்வொரு தடவையும் நான், "மழை இல்ல மாப்ள" என்பேன். நீயும், "ஆமா மச்சான், மழை இல்ல" என்பாய். நம்பிவிட்டாய் என்று நினைத்தேன். கடைசியில் கிணறு காய்ந்து, நீ திருப்பூருக்குப் போய் ஒரு மில் வாசலில் வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்தாய். திரும்பி வந்தது ஆம்புலன்சில்.

உன்னைக் குளிப்பாட்ட நீர்மாலைக்குப் போக வேண்டும். சொந்தக் கிணற்றுத் தண்ணீர்தான் முறை. உன் கிணற்றில் கோரைதான் முளைத்திருந்தது. "தோப்புதான் கிட்ட இருக்கு, அங்கனயே எடுத்துக்குவோம்" என்றார் ஒரு பெரியவர். துணியை நாலு பேர் தலைக்கு மேல் விரித்துப் பிடிக்க, சங்கு ஊதிக்கொண்டு உன் பங்காளிகள் போனார்கள். நானும் போனேன். தோப்புக்காரர் ஊரில் இல்லை. ஸ்டார்ட்டர் பெட்டியைப் பார்த்து எல்லாரும் தயங்கி நின்றார்கள். "மோட்டார்க்காரரு இருக்காருல்ல, அவரு போடட்டும்" என்றது ஒரு குரல்.

பச்சைப் பித்தானை நான்தான் அழுத்தினேன். தண்ணீர் வந்தது. அட்டைப் படத்தில் கொட்டுகிறதே, அப்படியே கொட்டியது. அதில்தான் உன் குடம் நிறைந்தது.

அன்றைக்கு அழுதேன். ஆனாலும் உனக்கு எதுவும் தெரியாது என்ற ஒரு தைரியம் உள்ளே இருந்தது. நேற்றோடு அதுவும் போனது. கேட்லாக்கின் கடைசிப் பக்கத்தில், குறிப்புகளுக்கென்று விட்டிருந்த கோடுகளில், உன் கோணல் எழுத்து. ஒவ்வொரு பொங்கலுக்கும் தண்ணீருக்கு மேலே தெரிகிற கிணற்றுப் படிகளை எண்ணி எழுதியிருக்கிறாய். பொங்கல், ஏழு படி. பொங்கல், ஏழு படி. பொங்கல், ஒன்பது. அதற்கடுத்த கோட்டில்: "தோப்பில் போர் போட்டார்கள். வேற ஊத்து என்று மச்சான் சொன்னான்." பிறகு பதினாறு. இருபத்து நாலு. முப்பத்து மூணு. அப்புறம் "படி முடிஞ்சது."

அவ்வளவுதான். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. கீழே ஆறேழு கோடு காலியாகக் கிடக்கிறது. பதினாறை எழுதிய கையோடு வந்து என் கடையில் டீ குடித்திருக்கிறாய். இருபத்து நாலை எழுதிவிட்டு என் மகன் கல்யாணத்தில் பந்தி விசாரித்திருக்கிறாய். ஏன் கேட்கவில்லை? கேட்டிருந்தால் இன்னொரு பொய் சொல்லியிருப்பேன் என்று தெரிந்துதானா?

உன் மகள் அந்தப் பக்கத்தை எட்டிப் பார்த்தாள். "அது என்ன மாமா, வேற ஊத்து?"

"பழைய பேச்சு தாயி. ஒங்கப்பன் எதையாவது கிறுக்கி வப்பான்."

அவள் சிரித்தாள். உன் சிரிப்பு. பிறகுதான் வந்த விசயத்தைச் சொன்னாள். "அப்பா நெலத்தைச் சும்மா போட மனசு வரல மாமா. அவுகளும் துபாய்லேர்ந்து பணம் அனுப்புறேன்னு சொல்லிட்டாங்க. போர் போடலாம்னு இருக்கோம். எத்தனை அடி போவணும்?"

கிழக்கே உன் பங்காளியின் கிணறு இருக்கிறது. அந்தப் பக்கத்தில் மிச்சமிருக்கும் ஒரே கிணறு. அதன் படிகளை யார் எண்ணுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் போனை எடுத்து, அட்டவணையைத் திறந்து, கடைசி வரியில் விரலை வைத்தேன். "அறுநூறு போனாத்தான் தாயி தண்ணி நிக்கும்" என்றேன். திங்கட்கிழமை முன்பணத்தோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். கேட்லாக்கை என்னிடமே விட்டுவிட்டாள்.

அவள் வரும்போது கடைசிப் பக்கத்தை விரித்து வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன் என்று உனக்கு எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. செத்துப்போன உன்னிடமும் எதற்கு இன்னொரு பொய்? நான் விற்காவிட்டால் புதுக்கோட்டையில் வாங்குவாள். அதை எனக்கு நானே சொல்லிக்கொண்டு விற்பேன், மாப்ள. பில் போடுகிற மேசையின் இழுப்பறையில்தான் உன் கேட்லாக் இருக்கிறது. திறக்கும்போதெல்லாம் அந்த வாசனை வருகிறது. காலிக் கோடு ஒன்றில் இன்று காலை நான் ஒரு வரி எழுதினேன். உனக்கு அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டிய வரி:

ஒரே ஊத்துதான்.