சாரதாமணியை எங்கே சேர்த்தேன்

சென்னிமலை முருகன் துணை

மண்ணரை
12-6-66

அன்பு மகன் மருதாசலத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கச்சி சாரதாமணியும் முருகன் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம், கல்கத்தாத் தண்ணீர் உன் வயிற்றுக்கு இப்போதாவது ஒத்துக்கொண்டதா என்று எழுது. கடையில் நாளெல்லாம் நின்றே வேலை என்றாயே, காலுக்கு நல்லெண்ணெய் தேய்த்துக்கொள். கான்வென்டுக்குப் போட்டுப்போக நீ அனுப்பிய கறுப்பு பூட்ஸ் வந்தது, பாப்பாவுக்கு அளவாக இருக்கிறது. ஆனால் கண்ணு, நீ சொன்னபடி அவளைக் கான்வென்டில் சேர்க்கவில்லை, நீ படித்த சர்க்கார் பள்ளிக்கூடத்திலேயே ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டேன். கோபப்படுவாய், படு, காரணத்தைக் கேட்டுவிட்டுப் படு.

நம் பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் பிள்ளைகள் குறைகிறார்கள். பனியன் கம்பெனி வைத்திருப்பவர்கள் வீட்டுப் பிள்ளைகள் கான்வென்டுக்கு, வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள் பனியன் மடிக்க. இந்த வருஷமும் ஆள் சேராவிட்டால் பள்ளிக்கூடத்தை மூடி, ரயில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பதோடு சேர்த்துவிடுவார்கள் என்று லிங்கசாமி வாத்தியார் வீட்டுக்கே வந்து சொன்னார். தண்டவாளம் தாண்டி எவள் பெண் குழந்தையை அனுப்புவாள்? நானே வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கேட்டேன். எல்லாரும் வாய்க்குச் சரி என்று தலையை ஆட்டினார்கள், பக்கத்துத் தெரு மயிலாள் மட்டும், ஏனுங்க அக்கா, உங்க ஊட்டுப் புள்ளைக்குக் கல்கத்தாவுல இருந்து பூட்ஸ் வருது, எம்புள்ளைய மட்டும் அங்க தள்ளச் சொல்றீங்களே, இது நாயமுங்களா என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டுவிட்டாள். நியாயமில்லைதானே?

மறுநாள் கம்பெனிச் சங்கு ஊதுகிற நேரம் பார்த்து, பாப்பாவுக்கு உச்சியில் கொண்டை போட்டு, கனகாம்பரம் சுற்றி, வெறுங்காலோடு மயிலாள் வீட்டு வழியாகவே நடத்திப்போனேன். வாத்தியார் உனக்குச் செய்தது போலவே, வயது தெரிய, கையைத் தலைக்கு மேல் வளைத்து அந்தப் பக்கத்துக் காதைத் தொடச் சொன்னார். எட்டவில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாமுங்க அம்மா என்கிறார், எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போது பின்னாலிருந்து, அந்தக் கொண்டையப் பிரிச்சு உடுங்க அக்கா, கையி எப்புடி எட்டும் என்று ஒரு அதட்டல். மயிலாள்! கம்பெனிக்குக் கூட்டிப்போக இருந்த மகள் மருதாளைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவளே வந்து கொண்டையை அவிழ்த்தாள், விரல் காதைத் தொட்டது. உடனே மருதாளை முன்னால் தள்ளி, இவளையும் எழுதிக்குங்க சாமி என்றாள். அதைப் பார்த்து இன்னும் சிலர் கூட்டி வந்தார்கள்.

ஆள் இன்னும் போதாது, விடமாட்டேன். கம்பெனிக்காரர் அப்பாவைக் கூப்பிட்டு, உங்க ஊட்டம்மா மடிக்கிற கையெல்லாம் புடுங்கிட்டுப் போறாங்களே என்றாராம். இன்னும் பிடுங்குவேன் என்று சொல்லச் சொன்னேன். பாப்பா பெயரை எடுக்கச் சொல்லி நீயும் எழுதாதே, எழுதினாலும் எடுக்கமாட்டேன்.

இதோடு திருநீறு வைத்திருக்கிறேன், பூசிக்கொள், முருகன் உன்னை ஒரு குறையுமில்லாமல் வைத்திருக்கட்டும். பூட்ஸ் பரண்மேல் இருக்கிறது. தீபாவளிக்கு வரும்போது சிலேட்டு வாங்கி வா. ஒன்று போதாது, மருதாள் இவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

உன் அம்மா
ஜானகியம்மாள்