போன முகத்தோடு

அலெக்ஸாண்ட்ரியா,
வியாழக்கிழமை

என் கண்ணே இனாஸ்,

நீயும் குட்டியும் நலமாக இருக்க இறைவன் அருளட்டும். ஃபோனில் பேசினால் அழுதுதொலைப்பேன். அதனால், இன்று ஹாம்பர்குக்கு விமானம் ஏறும் பக்கத்து வீட்டு மருமகனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே உலர்ந்த மொலோகியாக் கீரையும் இருக்கிறது. அவனுக்குப் பங்கு கொடுக்காதே, அவன் மாமியார் வேண்டிய மட்டும் கட்டியிருக்கிறாள்.

குட்டி பள்ளிக்குப் போகிறாளாமே! வாசலில் என்ன சொல்லி அனுப்புகிறாய்? நம் நான்காம் மாடி பால்கனி நினைவிருக்கிறதா? நீயும் தம்பி ஹிஷாமும் மறந்துவிட்டுப் போன ரொட்டியைக் கூடையில் கயிறு கட்டி இறக்கிக்கொண்டே கத்துவேன்: "போன முகத்தோடயே திரும்பி வாங்க!" கீழே இஸ்திரிக் கடை ஃபத்ஹி நான் வாயைத் திறக்குமுன் அதைச் சொல்லிவிடுவார், கடன்காரர். ஒருநாள் ஹிஷாம் பல் உடைந்து வந்து, "முகம் அதேதாம்மா, பல்லு மட்டும் பள்ளிக்கூடத்துல தங்கிடுச்சு" என்றானே! அடிக்க ஓங்கிய கையோடு சிரித்துவிட்டேன்.

பெரிய வகுப்புக்குப் போனதும் நீ, "கத்தாதம்மா, மானம் போகுது" என்றாய். சரி என்று வாயை மூடிக்கொண்டேன். சில நாள் போயிற்று. ஒரு காலையில் பார்த்தால், பால்கனிக்குக் கீழே நின்று ஷூ கயிற்றைக் கட்டுகிறாய், அவிழ்க்கிறாய், மறுபடி கட்டுகிறாய். நான் கத்தினேன். நீ தலை நிமிராமல் ஓடினாய். அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

ஞாயிறு காலை எனக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை. சின்ன வேலைதான் என்கிறார் டாக்டர். அவருக்கென்ன, படுக்கப் போவது நானல்லவா! எனக்குப் பயமாக இருக்கிறது, மகளே. அங்கே விசா புதுப்பித்துக் கைக்கு வராமல் கிளம்ப முடியவில்லை என்று நீ வருந்தாதே, அது உன் கையில் இல்லை. ஹிஷாம்தான் கூட்டிப்போகிறான். பால்கனியிலிருந்து கத்துடா என்றால், "நான் உன்கூட வரணுமா, மேலே நிக்கணுமா?" என்கிறான். அதுவும் சரிதான்.

ஞாயிறன்று நான் இந்தப் படியிறங்கும்போது மேலே நின்று கத்த யாரும் இருக்க மாட்டார்கள். ஏழு மணிக்கு ஹிஷாமின் ஃபோனில் கூப்பிடு. ஸ்பீக்கரில் போடச் சொல்லியிருக்கிறேன். ஃபத்ஹிக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்லு. நீ சொல்லும்வரை நான் கீழே நின்று செருப்பு வாரைக் கட்டிக்கொண்டிருப்பேன்.

உன் அம்மா,
ஸுஹைர்