காயாத சில்லு

சுலைஹா,

ஜீப்பை யாரும் எடுக்கக் கூடாது. உங்கள் உம்மாவை அக்கரைப்பற்றுக்குக் கூட்டிப்போக பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு உன் தம்பி இஸ்ஸதீன் வருவான். அவனிடமும் ஒரு சாவி இருக்கிறது. அதனால் முன்பக்கச் சில்லு ஒன்றைக் கழற்றி, ஸ்பெயர் சில்லோடு நம் அறைக்குள் உருட்டி வைத்திருக்கிறேன். பாயில் சேறு பட்டதற்கு நான் வந்த பிறகு ஏசு.

நேற்று அவன் ஓட்டி வந்த ஜீப் பிரேக் பிடிக்காமல் வயல் வரம்பில் ஏறியபோது, "வாய்க்காலுக்குள்ள விட்டு பிரேக்க நனைச்சிட்டாயேடா, உனக்கெல்லாம் வண்டி ஒரு கேடா?" என்று வயலில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் அவனை ஏசினேன். காய்ந்தால் சரியாகிவிடும் என்று அவனும் நம்பியிருப்பான்.

விடிய சுபஹுக்குப் பிறகு பார்த்தேன். மூன்று சில்லும் காய்ந்துவிட்டன. நான் கழற்றிய இது மட்டும் உட்பக்கம் ஈரம். தொட்டால் வழுக்கியது. பிரேக் ஒயில்! ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினேன். நான் ஆசைப்பட்டுப் போட்ட பெரிய டயர், ஒயில் போகிற ரப்பர் குழாயை உரசி உரசி அறுத்திருக்கிறது.

"பழைய டயருக்கு என்ன குறை?" என்று நீ அன்றைக்கே கேட்டாய். ஓம், ஒரு குறையும் இல்லை.

நீ உன் மூத்த ராத்தா வீட்டிலிருந்து வருமுன் பஸ் பிடிக்க வேண்டும். குழாய் வாங்கக் கல்முனைக்குப் போகிறேன். பாரைமீன் வெட்டிக் கழுவிச் சட்டியில் மூடியிருக்கிறது. பூனை கவனம்.

மன்சூர்

பி.கு: குழாய் விஷயத்தை இஸ்ஸதீனிடம் நீ சொல்லிவிடாதே. அவனைச் சாப்பிட வைத்து, நான் வரும்வரை நிறுத்திவை. பின்னேரம் அஸருக்கு அவனோடு வயலுக்குப் போய், அந்த ஆட்கள் முன்னாலேயே பிழை என்னுடையது என்று சொல்லப்போகிறேன்.