‘வாங்க’ சொல்லாத வீடு

குன்னூர்
ஐப்பசி மாதம், மழை விடாத செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மகன் வேலுமணிக்கு அப்பா கருப்புசாமி எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே சுகம், மஸ்கட் வெயிலில் நீயும் சுகமாக இருக்க மாரியம்மன் துணை. உன் நாயும் சுகம்தான், அதற்கென்ன கேடு. போன லீவில் வந்தபோது வெலிங்டன் சில்வஸ்டர் வீட்டிலிருந்து காது தொங்கும் குட்டி ஒன்றைச் சால்வையில் சுற்றிக் கொண்டுவந்து, நான் திரும்பி வரும்வரை அம்சவேணிக்குத் துணை, வீட்டுக்குக் காவல் என்று சொல்லிவிட்டுப் போனாயே, அதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. காவலாம். திருடன் வந்தால் அவன் காலை நனைத்து அனுப்பிவைக்கும். பிரின்ஸ் என்று பெயர் வேறு. இளவரசர் யாரைக் கண்டாலும் பின்பாதி உடம்பு முழுவதையும் ஆட்டிக்கொண்டு ஓடிவருகிறார், வந்தவர் பாவம் என்று குனிந்து தலையைத் தொட்டால் போச்சு, அங்கேயே மல்லாந்து ஒன்றுக்குப் போய்விடுகிறார். பால்காரர் கால், பக்கத்து வீட்டு இசக்கியம்மா சேலை, கரண்டு கணக்கெடுக்க வந்தவரின் பூட்ஸ், எதையும் விடவில்லை. எஸ்டேட் ஆபீசில் இருந்த காலத்தில் மேனேஜர் ஜீப்பில் முன் சீட்டில் உட்கார்ந்து போன நாய்களைப் பார்த்தவன் நான், அதுகளாவது நம்மைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், ஒரு கெத்து இருக்கும். இது கண்டவரிடமெல்லாம் உருகுகிறது, மானம் ரோஷம் இல்லாத பிராணி.

உன் பெண்டாட்டி அம்சவேணி ஏன் அன்னூருக்குத் தாய்வீடு போனாள் என்று போனில் கேட்டாய். இசக்கியம்மா வீட்டு ஹாலில் ஆள் சூழ நின்றுகொண்டு நான் என்னத்தைச் சொல்ல முடியும், அதனால்தான் இந்தக் கடிதம். ஆயுத பூஜையன்று சலவை வேட்டி கட்டிக் கோயிலுக்குப் போய்விட்டு வாசலில் கால் வைக்கிறேன், ஓடிவந்து என் பாதத்திலேயே விட்டது. சத்தம் போட்டேன். சத்தம் போட்டால் இன்னும் விடுகிறது. இதற்கு மேல் என்ன செய்ய, தூக்கிக்கொண்டுபோய் விறகுக் கொட்டகையில் கட்டினேன். நல்ல மழை. அவள் குடையை எடுத்துக்கொண்டுபோய் அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள், கூப்பிட்டால் வரவில்லை. மறுநாள் காலையில் பையோடு வந்து நின்று, வாயில்லா சீவனுக்கே இந்த மரியாதைன்னா நாளைக்கு எனக்கு என்னங்க மாமா, நீங்க அதைத் திட்டாம இருக்கற அன்னிக்கு வர்றனுங்க என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டாள். அவள் அப்பா கோழிப்பண்ணை வைத்திருக்கிறார் என்பதால் நாயைக் கொண்டுபோக முடியவில்லை, என் தலையில் கட்டிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து உன் அம்மா எனக்குச் சோறு போடுவாள், முகம் பார்க்க மாட்டாள். சாயங்காலத்தில் ரேடியோ போடக்கூட ஆளில்லை. அந்தப் பெண் இல்லாமல் வீடு வீடாக இல்லை, இதை நான் உன்னிடம்தான் சொல்ல முடியும்.

சரி, இந்த அற்ப ஜந்துவால் உன் குடும்பம் ஏன் கெட வேண்டும் என்று அதை மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே ஒரு டாக்டரம்மா, உன் வயதுகூட இருக்காது, இது நோயும் இல்லீங்க திமிரும் இல்லீங்க, சந்தோசமும் பயமும் ஒண்ணா வந்தா குட்டிக்கு அடக்கத் தெரியாதுங்க, வளர வளரச் சரியாயிருமுங்க என்றாள். அதுவரைக்கும் வீட்டுக்குள் வருகிறவர்கள் அதைப் பார்க்கக் கூடாதாம், பேசக் கூடாதாம், மேலே குனியக் கூடாதாம், அதுவாக அடங்கிய பிறகு பக்கத்தில் உட்கார்ந்து கையை மட்டும் நீட்டினால் போதுமாம், திட்டினால் இன்னும் அதிகமாகுமாம். ஆக நாய் திருந்தாது, நாம்தான் திருந்த வேண்டும். இதற்கு ஒரு படிப்பு, ஒரு பட்டம். ஆனாலும் செய்தேன். செய்யும்போதுதான் அந்தம்மாவுக்கே தெரியாத ஒன்றை நான் கண்டுபிடித்தேன். நம் வீட்டில் யார் வந்தாலும் ஆளாளுக்கு வாங்க வாங்க என்று வாசலுக்கே போய்க் கூப்பிடுவோம் அல்லவா, அந்த வார்த்தை காதில் விழுந்தால் போதும், மடை திறந்துவிடுகிறது. அதனால் அந்த வார்த்தையையே நிறுத்தினேன். யார் வந்தாலும் நானும் உன் அம்மாவும் வாயை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்பது, இளவரசர் அடங்கிய பிறகுதான் உபசாரம். பால்காரருக்கும் இசக்கியம்மாவுக்கும் முன்னதாகவே சொல்லிவைத்தேன். வந்தவங்கள வாங்கன்னு கூப்பிடாத ஊடு ஒரு ஊடுங்களா என்று உன் அம்மா முனகினாள், நான் காதில் வாங்கவில்லை, ஆர்டர் என்றால் ஆர்டர். குட்டியும் நாளாக ஆக நனைப்பதைக் குறைத்துக்கொண்டது. உன் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், இசக்கியம்மா வீட்டிலிருந்து அன்னூருக்குப் போன் போட்டு, மாமா இப்பெல்லாம் நாயை ஒரு வார்த்தை வையறதில்ல கண்ணு என்று சொல்லியிருக்கிறாள். சுவரைப் பார்த்து நிற்பதை மட்டும் சொல்லவில்லை, வெட்கமாம்.

அதைக் கேட்டுத்தான் போன சனிக்கிழமை சம்பந்தி ஆறுக்குட்டி மகளைக் கூட்டிக்கொண்டு அம்பாசடர் காரில் வந்து இறங்கினார். வருகிறேன் என்று ஒரு தகவல் கிடையாது, பெரிய கலெக்டர் பாரு. கேட் சத்தம் கேட்டதும் நாங்கள் இருவரும் பழக்கத்தில் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டோம். ஓரக்கண்ணால் பார்த்தால் நிலைப்படியில் அவர், பின்னால் பையோடு அம்சவேணி. உன் அம்மா வாயைத் திறந்தாள், நான் கையைப் பிடித்து அமுக்கினேன். ஏனென்றால் நாய் நடு ஹாலில் வாலாட்டிக்கொண்டு நிற்கிறது, ஒரு சொட்டு விடவில்லை. அதை அந்தப் பெண் பார்க்க வேண்டும், எனக்கு அதுதான். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் அடங்கிவிடும், அப்புறம் திரும்பி ஜம்மென்று வாங்க சொல்லலாம் என்று நின்றேன். முட்டையை அடை வைத்துக் குஞ்சுக்குக் காத்திருக்கத் தெரிந்த மனுஷனுக்கு ஒரு நிமிஷம் பொறுக்கத் தெரியவில்லை. வாங்கன்னு ஒரு வார்த்தைக்கு வக்கில்லாத ஊட்டுல எம் புள்ள இருக்க வேண்டாமுங்க என்று கத்திவிட்டு அவளை இழுத்துக்கொண்டுபோய்க் காரில் ஏற்றிவிட்டார். நான் திரும்பி வாசலுக்கு வருவதற்குள் கார் வளைவில் இறங்கிவிட்டது. அம்சவேணி பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே போனாள் என்று உன் அம்மா சொல்லிச் சொல்லி அழுதாள்.

அவளக் கூட்டிட்டு வராம இந்தப் படி ஏறாதீங்க என்று உன் அம்மா சொல்லிவிட்டாள். குன்னூர் ரோட்டில் மண் சரிந்து கிடந்ததால் கோத்தகிரி சுற்றி மேட்டுப்பாளையம் இறங்கி அன்னூர் போனேன். வழி நெடுக விளக்கம் தயார் செய்தேன், நாய், டாக்டரம்மா, சுவர், எல்லாம் கோர்வையாக. சம்பந்தி வாசலில் நாற்காலி போட்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார். வாங்க என்று சொல்லவில்லை. உள்ளேயிருந்து பெண்டுகள் எட்டிப் பார்க்கிறார்கள், நான் முழங்கால்வரை சேற்றோடு கேட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். அப்படியே திரும்பிப் போய்விடலாமா என்றுகூட இருந்தது. அப்போது அம்சவேணி கதவருகே வந்தாள், இளைத்துப் போயிருந்தாள். தயார் செய்த பேச்சில் ஒரு வார்த்தை ஞாபகம் வரவில்லை. வா கண்ணு, நம்ம ஊட்டுக்குப் போலாம் என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன். அடுத்தவர் வாசலில் நின்றுகொண்டு வா சொன்ன ஆள் இந்தச் சீமையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவள் உள்ளே போனாள், பையோடு வந்தாள். சம்பந்தி பேப்பருக்குப் பின்னாலிருந்தே, சாப்பிட்டுட்டுப் போங்க என்றார். சாப்பிட்டேன், குழம்பில் உப்பு இல்லை. பஸ் ஏறிய பிறகுதான் அவளிடம் சுவர் கதையைச் சொன்னேன். மேட்டுப்பாளையம் வரும்வரை சிரித்தாள், பஸ்ஸே எங்களைத் திரும்பிப் பார்த்தது.

நேற்று வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா வா கண்ணு வா கண்ணு என்று வாசலுக்கு ஓடிவந்தாள், நானும் சொன்னேன், இசக்கியம்மாவும் வேலியைத் தாண்டிச் சொன்னாள். நாய் அம்சவேணி காலடியில் மல்லாந்து, இத்தனை நாள் அடக்கியதையெல்லாம் சேர்த்து நிலைப்படியிலிருந்து ஹால்வரை விட்டது. அவள் பயந்து என் முகத்தைப் பார்த்தாள். சாக்கை எடுத்து நானே துடைத்தேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தலையை மூடிக்கொள். அவளுக்கு வாரம் ஒரு கடிதமாவது போடு, உனக்குப் பதிலாக நாய் துணையிருக்கும் என்று நினைத்தவன் நீ, உன் புத்தியை என்ன சொல்ல. கருப்பராயன் உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும், அம்மாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள். ஒன்று மறக்காதே. பொங்கலுக்கு நீ வரும்போது டாக்டரம்மா சட்டமெல்லாம் செல்லாது. பெற்ற பிள்ளையைச் சுவரைப் பார்த்து வரவேற்க என்னால் ஆகாது, கேட்டிலேயே நின்று வா சாமி என்று சத்தமாகத்தான் கூப்பிடுவேன். அதனால் பழைய செருப்பாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு வா.

இப்படிக்கு
உன் அப்பா
மா. கருப்புசாமி