பிளக்கின் உயரம்

பிரியமுள்ள மச்சானுக்கு, ஸலாம்.

ரங்கூன் மழையில் நனையாதீர்கள். பூந்தமல்லியில் நம் வீட்டுக்கும் கரண்ட் வந்துவிட்டது!

தொழுகைக்கு ஒளு செய்த ஈரக் கையோடு மாமி சுவிட்சைத் தொடப் போக, வயர்மேன் பரந்தாமன் அலறிவிட்டார். இப்போது சுவிட்சுக்குப் பக்கத்தில் துண்டு தொங்குகிறது. கையைத் துடைக்காமல் நானும் தொடக் கூடாதாம், மாமியின் சட்டம்.

நீங்கள் வாங்கிவைத்த மேசைக் காத்தாடிக்குச் சுவரில் பிளக் பொருத்தும்போது பரந்தாமன் கேட்டார்: "ஊட்ல கொயந்தைங்க கீறாங்களாம்மா? இருந்தா எட்டாத ஒசரத்துல வெக்கணும்."

"யாருமில்ல, கீழவே வைப்பா" என்றார் மாமி.

"மேலயே வெச்சிடுங்க" என்றேன் நான், தரையைப் பார்த்துக்கொண்டு.

மாமி என்னையே பார்த்தார். பிறகு என் வாயிலும் வயர்மேன் கையிலும் சர்க்கரையை அள்ளிக் கொட்டினார்.

பிளக் எனக்கே எட்டவில்லை. முக்காலியில் ஏற மாமி விடுவதில்லை. நீங்கள்தான் வந்து காத்தாடியை மாட்ட வேண்டும்.

வேர்த்து விறுவிறுத்து,
உங்கள் வீட்டுக்காரி